அடைகாக்கும் ஸ்தாபனங்கள்

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அடைக்கோழியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கூடையில் வைக்கோலைப் பரப்பிப் பத்து முட்டைகளை வைத்துவிட்டால் போதும். 21 நாளும் அது தவம் கிடக்கும். இரைக்கு எழுந்தாலும் அவசரமாக நாலு மணியைப் பொறுக்கிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்துவிடும். முட்டைகள் எல்லாம் தான் இட்டவைதானா என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு முட்டையாக இருந்தாலும் சரி, வாத்து முட்டையாகவே இருந்தாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்தக் கோழிக்கு வாய்த்திருக்கும் கௌரவத்தைப் பாருங்கள்! சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடம் கொடுத்து, யோசனை சொல்லி, முதலுக்கு வழி காட்டிக் கைதூக்கிவிடும் ஸ்தாபனங்களுக்கு இன்று உலகம் முழுவதும் 'இன்குபேட்டர்' என்று பெயர். முட்டை பொரிக்கும் கருவி என்று அர்த்தம். தமிழில் 'தொழில் வளர் காப்பகம்' என்று நாகரிகமாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதில் கோழி வாசனையே இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பெயர் வந்த கதை ருசியானது. நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்று ஒரு சிற்றூர். அங்கே விவசாய இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த மாஸி-ஹாரிஸ் தொழிற்சாலையை 1956-ல் மூடிவிட்டார்கள். ஊரில் ஐந்து பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் திரிந்தார். எட்டரை லட்சம் சதுர அடிக் கட்டடம் பாழடைந்து நின்றது. 1959-ல் உள்ளூர் வியாபாரக் குடும்பமான மான்குஸோ குடும்பத்தார் அதை வாங்கினார்கள். பொறுப்பை ஏற்றவர் ஜோசப் மான்குஸோ. அதுவரை இரும்புச் சாமான் கடை நடத்தியவர். அத்தனை பெரிய இடத்துக்கு ஒரே குடித்தனக்காரர் கிடைக்கவில்லை. ஆகவே துண்டு துண்டாகப் பிரித்துச் சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டார். விட்டதோடு நிற்காமல், காரியாலய வசதிகளைப் பொதுவாக வைத்துக் கொடுத்தார். கணக்கு வழக்கில் யோசனை சொன்னார். பணம் புரட்ட உதவினார். வந்த குடித்தனங்களில் ஒன்று கோழிக் குஞ்சு பொரிக்கும் கம்பெனி. அதைப் பார்த்து மான்குஸோ தம் கட்டடத்தையே வேடிக்கையாக 'இன்குபேட்டர்' என்று சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

மான்குஸோ தர்மப் பிரபு அல்ல, வாடகை வாங்கியவர்தான். பின்னால் அந்த யோசனையை அமெரிக்காவில் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் லாபம் கருதாத ஸ்தாபனத்தார்: ஊர்ச் சபைகள், கல்லூரிகள், சங்கங்கள். நம் பக்கத்திலும் 1986-ல் திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரியை ஒட்டி இப்படி ஒரு தொழில் பூங்கா ஏற்பட்டது. இப்போது ஜில்லாவுக்கு ஜில்லா இருக்கின்றன. கண்ணாடிச் சுவர், சுழல் நாற்காலி, திறப்பு விழாப் படம் எல்லாம் இருக்கின்றன. எனக்கு எழும் சந்தேகம் வேறு. முட்டைக்கு வேண்டியது கூடையா, சூடா?

எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை போடுகிற அம்மாள் ஒருவர் உண்டு. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, இரண்டு அடுப்பு, நீல நிறத் தார்ப்பாய். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் பத்து மணி வரை நிமிர நேரம் இராது. அவருடைய இட்லியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை திசை மாறிவிடும். அவருடைய கடனைப் பற்றி எழுதுகிறேன்.

அரிசி, உளுந்து, காஸ் எல்லாவற்றுக்கும் அவர் தண்டல்காரரிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தார். தண்டல் என்றால் சென்னைவாசிகளுக்குத் தெரியும். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். "ஆயிரம் ரூபாய்தானே போகிறது!" என்று தோன்றும். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாங்கிய மறுநாளே திருப்ப ஆரம்பிப்பதால், 100 நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்த அம்மாள் கையில் இருந்தது 4,500 ரூபாய்தான். அதற்கு மூன்று மாதத்துச் சொச்சத்துக்கு 1,000 ரூபாய் வட்டி. வருஷக் கணக்கில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டுகிறது! கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. தண்டல்காரரின் மோட்டார் சைக்கிளும் தினம் சாயங்காலம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"பாங்கியில் கேட்கக் கூடாதா, அம்மா?" என்றேன்.

"கேட்டேங்க ஐயா. ஜாமீனுக்கு ஆள் கூட்டியாறச் சொல்றாங்க. சம்பளக்காரங்களா இருக்கணுமாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

ஜாமீன் கையெழுத்து என்றால் நடுத்தரக் குடும்பஸ்தனுக்கு வயிற்றைக் கலக்கும். இருந்தாலும் பத்து வருஷம் இட்லி தின்ற நன்றி இருக்கிறதே! போனேன். மானேஜர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"ஸாருக்கு என்ன உத்தியோகம்?"

"நாவல் எழுதுகிறேன்."

"அது சரி ஸார். உத்தியோகம்?"

அத்தோடு என் ஜாமீன் முடிந்தது. சம்பளச் சீட்டு இல்லாதவனை நம்பி இன்னொரு சம்பளச் சீட்டு இல்லாதவருக்குப் பணம் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. வெளியே வந்ததும் அந்த அம்மாள், "போனாப் போகுது ஐயா, வெயில்ல நடக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

சென்னையில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர் ஜெயா அருணாசலம். காங்கிரஸில் பணியாற்றியவர். ஏழைப் பெண்களுடைய குடிசைகளில் உட்கார்ந்து விசாரித்தபோது அவர் கேள்விப்பட்டது, அவர்களுக்குத் தொழில் தெரியாது என்பதல்ல. சில நூறு ரூபாய் கைமுதல் இல்லை என்பதுதான். கட்சி வேலையை விட்டு 1978-ல் சுமார் 800 பெண்களைக் கொண்டு 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பூக்காரிகள், மீன் விற்பவர்கள், ஊதுவத்தி உருட்டுகிறவர்கள், ஆப்பக் கடைக்காரிகள். அப்போது சர்க்கார் பாங்கிகளில் பரம ஏழைகளுக்கு நூற்றுக்கு நாலு வட்டியில் கடன் கொடுக்க 1972-லிருந்தே ஒரு திட்டம் இருந்தது. இருந்தது என்பது வாஸ்தவம். பூக்கூடையோடு பாங்கிப் படி ஏற யாருக்குத் துணிச்சல்? ஏறினாலும் ஜாமீனுக்கு எங்கே போவது?

ஜெயா அம்மையார் கண்ட வழி இது. ஒரே தெருவில், அக்கம்பக்கத்தில் இருக்கிற பத்து இருபது பெண்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். தங்களுக்குள் ஒருத்தியைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி வாங்கும் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. சொத்து ஜாமீன் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் வாய்வார்த்தைதான் ஜாமீன். யோசித்துப் பாருங்கள். ஒருத்தி காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், புருஷன் குடிக்கிறானா, போன தீபாவளிக் கடனை அடைத்தாளா என்பதெல்லாம் பாங்கி மானேஜருக்குத் தெரியுமா, எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியுமா?

பாங்கிகளின் தாமதத்தோடும் பாராமுகத்தோடும் கொஞ்ச காலம் போராடிவிட்டு, 1981-ல் பெண்களுக்கென்றே சொந்தமாக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 2019-ல் ஜெயா அருணாசலம் காலமானபோது, குழுக் கடன் என்பது தமிழ்நாட்டில் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த சங்கதியாகிவிட்டிருந்தது.

எங்கள் இட்லி அம்மாளும் கடைசியில் அப்படிப்பட்ட ஒரு குழுவில்தான் சேர்ந்தார். தண்டல்காரரின் மோட்டார் சைக்கிள் வருவது நின்றது. கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நாவலாசிரியனுக்கு லாபம். ஆனால் குழுவில் இருந்த ஒரு பெண்ணின் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். மூன்று தவணை அவளால் கட்ட முடியவில்லை. முதல் தவணை தவறியபோது மற்றவர்கள் அவள் வாசலில் போய் நின்றார்கள். இரண்டாவதற்கு அவள் வாசலுக்கே வரவில்லை. மூன்றையும் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். இட்லி அம்மாள் திட்டிக்கொண்டே கட்டினார்.

"பாங்கிக்காரன் வந்து நின்னா கதவைச் சாத்திக்கலாம் ஐயா. பக்கத்து வூட்டுக்காரியே வந்து நின்னா அவ எங்கே போவா?" என்றார். சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டே சொன்னார். இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் இத்தனை நேர்மையான விமர்சனம் இல்லை. அண்டை வீட்டார் தரும் ஜாமீனுக்கு வட்டியில் சேராத ஒரு விலை உண்டு. அந்தப் பெண் அந்த மூன்று வாரமும் தண்ணீர்க் குழாய்க்கு இருட்டில்தான் வந்து போனாளாம்.

அந்த மாதிரிச் சமயத்தில்தான் நடுவில் ஒரு ஸ்தாபனம் இருக்கிறதா, வெறும் கடன் கம்பெனி இருக்கிறதா என்பது தெரிகிறது. ஸ்தாபனமாக இருந்தால் ஒருவர் வந்து விசாரித்து, தவணையைத் தள்ளிப் போடுவார். கம்பெனியாக இருந்தால் வசூலுக்கு வந்தவருக்கு அன்றைய இலக்கு ஒன்று இருக்கும். ஆந்திராவில் 2010-ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். தர்ம ஸ்தாபனமாகப் பிறந்து கம்பெனியாக மாறிய ஒரு பெரிய கடன் நிறுவனம் அந்த வருஷம் ஆகஸ்டில் பங்குச் சந்தைக்குப் போனது. அதே அக்டோபரில், கடன் வசூல் நெருக்கடியால் ஏழைகள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற கூக்குரல் கிளம்பி, மாநில அரசு அவசரச் சட்டமே போட வேண்டி வந்தது. லாபம் பாவம் என்று நான் சொல்லவில்லை. இட்லி அம்மாளும் லாபத்துக்குத்தான் விற்கிறார். ஆனால் அடைகாக்க உட்கார்ந்த கோழிக்கு முட்டைப் பொரியல் மேல் ஆசை வந்துவிட்டால்?

பணத்தோடு விஷயம் முடிவதும் இல்லை. கொஞ்ச நாளைக்கு முன் அந்த அம்மாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். 'உத்யம்' பதிவுச் சான்றிதழ். சிறு தொழில் செய்கிறவர்களுக்காக மத்திய சர்க்கார் 2020-ல் ஏற்படுத்தியது. அதற்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் கடைக்காரன் அவரிடம் 800 ரூபாய் வாங்கியிருந்தான்! ஜெராக்ஸுக்கு இருபது ரூபாய் தனி. இது இலவசம் என்று சொல்ல அவர் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. சின்ன வியாபாரி ஏமாறுவது பெரும்பாலும் இப்படித்தான்: திருட்டில் அல்ல, தெரியாததில்.

இதற்கு 'பாரதிய யுவ சக்தி டிரஸ்ட்' செய்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. 1992-ல் லக்ஷ்மி வெங்கடேசன் ஆரம்பித்தது. முன்னாள் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமனின் புதல்வி. கைமுதலும் ஜாமீனும் இல்லாத இளைஞர்களுக்குக் கடனுக்கு வழி செய்வதோடு, ஆளுக்கு ஒரு வழிகாட்டியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். உத்தியோகத்திலோ வியாபாரத்திலோ பழுத்த ஒருவர், சம்பளம் வாங்காமல், மாதா மாதம் பட்டறைக்கு வந்து, கணக்கு நோட்டைப் புரட்டி, "இந்த வாடிக்கைக்காரன் ஏன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்?" என்று கேட்பார். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சித்தப்பாவோ மாமாவோ செய்துவிடுகிறார்கள். யாரைப் பார்ப்பது, எங்கே போவது, எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்றெல்லாம் சொல்ல அவனுக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே ஆள் உண்டு. அது இல்லாதவனுக்கு ஒரு மாமாவை ஏற்பாடு செய்துகொடுப்பதுதான் இந்த ஸ்தாபனங்களின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடிச் சுவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட ஒரு மையத்தை, பெயர் எதற்கு, போன வருஷம் பார்க்கப் போயிருந்தேன். நல்ல மனிதர்கள். சுவரில் வெற்றி பெற்றவர்களின் படங்கள். பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம் என்று கதவில் பலகை தொங்கியது. காலை வியாபாரம் முடித்துச் சிறு வியாபாரிகளுக்குக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான் என்பது பலகை எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. வாசல் வேப்ப மரத்தடியில் நாலு பெண்கள் காத்திருந்தார்கள். வாட்ச்மேன், "இரண்டு மணிக்கு வாங்கம்மா" என்று தன்மையாகத்தான் சொன்னான். ஒன்றே முக்கால் வரை இருந்து பார்த்துவிட்டு அவர்களில் இரண்டு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள். கோயில் நடை திறப்பதற்குள் பூவைக் கட்டி முடிக்க வேண்டுமாம்.