ஐம்பத்தொன்றாவது மீட்டர்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், காயலைப் பார்த்த ஒரு திண்ணையில் மாலைதோறும் அமர்ந்திருப்பார் அந்த முதியவர். தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்களின் குடும்பத்தில் பிறந்தவர். கப்பலின் அடிப்புறத்தைச் சுரண்டும் வேலைக்காக நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொச்சிக்கு வந்தவர். இடக்கையை அவரால் தோளுக்கு மேலே உயர்த்த இயலாது. மூட்டெலும்பின் தலைப்பகுதி உயிரிழந்துவிட்டது. நெடுங்காலம் அழுத்தத்தில் உழைத்தவர்களுக்கு வரும் நோய் அது.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியது. 24 பேரும் பிழைத்தார்கள். கப்பலோடு 640 கொள்கலன்கள். அவற்றுள் 13-இல் ஆபத்தான சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு. தொட்டிகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் உலை எண்ணெயும் இருந்தன. சந்தையில் மீன் வாங்கவே மக்கள் தயங்கிய அந்த நாட்களில், திண்ணைப் பேச்சு முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றியே நடந்தது. கப்பல் கிடந்த ஆழம் ஏறத்தாழ 51 மீட்டர்.

எண்ணெயை எடுக்கச் சாச்சுரேஷன் முறை திட்டமிடப்பட்டதைக் கேட்ட அவருடைய தங்கை மகன் சிரித்தான். அவனும் மூழ்காளன்தான். "காத்துக்கு எல்லை அம்பது மீட்டர். இது அம்பத்தொண்ணு. ஒரு மீட்டர்தானே மாமா, அதுக்கு இவ்வளவு ஏற்பாடா?"

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. வேறொரு கரையில், 58 மீட்டரில் கிடக்கும் இயந்திரம் ஒன்றைச் சங்கிலியிட்டுத் தூக்கித் தர ஒரு சிறு ஒப்பந்தக்காரர் அவனை அழைத்திருந்தார். கம்ப்ரசர் காற்றிலேயே இறங்க வேண்டும். கூலி இரட்டிப்பு.

ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 50 மீட்டரில் மொத்தம் ஆறு. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்புக் காற்றைப்போல ஆறு மடங்கு அடர்த்தியானது. உழைக்கும் உடல் கரியமில வாயுவை முழுதாக வெளியேற்ற முடியாமல் திணறும். தேங்கும் அந்த வாயு நைட்ரஜன் தரும் மயக்கத்தை மேலும் கூட்டும். 66 மீட்டரை நெருங்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.6-ஐத் தொடும். அதற்கு மேல் எச்சரிக்கையின்றி வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு என்றால் பெரும்பாலும் மரணமே.

நைட்ரஜன் மயக்கத்தைக் குடிபோதைக்கு ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்புமை சற்றே வழிதவறச் செய்கிறது. குடித்தவனுக்குத் தான் குடித்தது தெரியும். 1947-இல் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மொரிஸ் ஃபார்க் காற்றைச் சுவாசித்தபடியே ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கினார். கயிற்றில் கட்டியிருந்த பலகையில் தன் பெயரையும் எழுதினார். மேலே இழுத்தபோது உயிர் இல்லை.

முதியவரிடமும் ஒரு சான்று இருந்தது. முப்பத்தொரு வயதில், 56 மீட்டரில், காற்றோடு இறங்கி ஒரு ஷேக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினார். பின் போட்டாயிற்றா என்று கேட்டவர்களிடம் மாதாவின் மேல் ஆணையிட்டார். சுமை பாதி உயரத்தில் நழுவி மீண்டும் அடித்தளத்துக்கே போயிற்று. கீழே அப்போது எவரும் இல்லாதது நற்பேறு. மாலையில் இடைவாரைக் கழற்றுகையில் அந்தப் பின் அவருடைய பையிலிருந்து விழுந்தது. "கீழே எனக்கு ஒரு கவலையும் இல்லலே. கல்யாண வீட்டுல இருந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

"அப்ப ஹீலியம் குடுத்தா சரியாப் போகுமா?"

சரியாகப் போகும் என்று அவர் சொல்லவில்லை. ஹீலியம் மயக்குவதில்லை, நைட்ரஜனின் ஏழில் ஒரு பங்கு எடையே உள்ளதால் மூச்சும் எளிது. ஆனால் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாகக் கடத்தும். குரலைக் கீச்சிடச் செய்யும். மேலிருப்பவருக்குப் பேச்சு விளங்காது. அதுவும் உடலில் கரையும், அவசரமாக ஏறினால் குமிழாகும். பேராழத்துக்கெனக் கலந்த வாயுவில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதை மேற்பரப்பிலேயே சுவாசித்தால் நினைவு தப்பும். 2005-இல் தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் குகையில், 270 மீட்டர் ஆழத்தில், டேவ் ஷா ஹீலியக் கலவையோடுதான் இருந்தார். கரியமில வாயு அவரைக் கொன்றது. விலையும் ஒரு தடை: இந்தியா தன் ஹீலியத்தை ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதி செய்கிறது. கொச்சிக்குத் தெற்கே சவறையின் கருமணலில் உள்ள மோனசைட்டுக்குள் தோரியம் சிதைந்து ஹீலியத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருப்பது வேறு கதை.

சாச்சுரேஷன் முறையில் மூழ்காளர்கள் கப்பலின் மேலுள்ள அழுத்த அறையிலேயே நாட்கணக்கில் வாழ்கிறார்கள். மணி வடிவக் கூண்டில் இறங்கி, வேலை முடிந்ததும் அதே அழுத்தத்துக்குத் திரும்புகிறார்கள். பணி முழுதும் முடிந்தபின் ஒரே முறை, நாட்கள் எடுத்து, அழுத்தம் குறைக்கப்படுகிறது. காற்றில் இறங்குபவனுக்கோ 51 மீட்டரில் சில நிமிடங்களே கிடைக்கும். அதற்கு மேல் தங்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறும் வழியில் நெடுநேரம் நின்று ஈடுகட்ட வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் பணிக்குச் சில நிமிடங்கள் எந்த மூலைக்கு?

"அவன்கிட்ட ரெண்டு கேள்வி கேளு" என்றார் முதியவர். "படகுல சேம்பர் இருக்கா? நீ கீழே கிடந்தா எறங்கித் தூக்க இன்னொருத்தன் தயாரா நிப்பானா?"

அவன் அங்கேயே தொலைபேசியை எடுத்தான். ஒலிபெருக்கியில் மறுமுனையின் குரல் தெளிவாகவே கேட்டது: "சேம்பரா? அரை மணி நேர வேலைக்கா?"

முதியவர் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பின் படகொன்று ஜெட்டியை அணைந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவன் இணைப்பைத் துண்டித்தான். பிறகு, அந்தப் பின் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டான்.