விண்ணப்பமும் வீட்டுப் பத்திரமும்

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதியியல் முதுகலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிமேட் தேர்வு முடிந்தது. பரிந்துரைக் கடிதங்களும் வந்தன. என் தயக்கம் வேறிடத்தில்.

முதலீட்டு வங்கிகள் அங்கே கோடைப் பயிற்சிக்கு வந்தவர்களைக் கொண்டே நிலையான பணியிடங்களைப் பெரும்பாலும் நிரப்புகின்றன. அப்பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்குவது ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். வந்த வரிசையில் பார்த்து, இடம் நிறைந்ததும் கதவடைக்கும் வங்கிகளும் உண்டு. படிப்போ செப்டம்பர் இறுதியில்தான் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் முடிந்தும் விடுகிறது. ஆகவே, விமானம் ஏறுமுன்பே வங்கிக்கு எழுதவேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பிக் கடன் வாங்குகிறவன், அதன் பாடம் ஒன்றையும் கேளாமலே நேர்முகத்துக்குப் போகிறான். விந்தையன்றோ, நண்பர்களே!

இதை ஊரிலிருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“படித்து முடித்தபின் வேலை தேட எத்தனை நாள் விடுவார்கள், தம்பி?”

“இதுவரை 2 ஆண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான், அப்பா.”

“நம் கடன்?”

“15 ஆண்டு.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எத்தனை வேண்டும்?” என்று கேட்டார்.