கலகாரியில் ஒரு கூட்டுக் குடித்தனம்

தென்னாபிரிக்காவின் வடமேற்கில் அப்பிங்டன் என்றொரு பட்டினம். அங்கிருந்து வடக்கே, கலகாரிப் பாலைவனத்திலுள்ள வனவிலங்குப் பூங்காவுக்குச் சுமார் 250 கிலோமீற்றர். வழிநெடுகச் செம்மணல். வீதியோரக் கம்பம் ஒன்றின் உச்சியில் வைக்கற்பட்டடையைத் தூக்கி வைத்தாற்போல் ஏதோ தெரிய, வண்டியை நிறுத்தினோம்.

கிட்டப்போனால் பட்டடைக்குள் ஒரே கீச்சொலி! அடிப்பக்கமெங்கும் துவாரங்கள். அவற்றால் குருவிகள் போவதும் வருவதுமாக இருந்தன.

இவை நமது தூக்கணாங்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் 'சோசியபிள் வீவர்' என்பார்கள். சிட்டுக்குருவியளவு, எடை 30 கிராமுக்குக் கிட்ட. மண்ணிறத் தலை, கறுத்த தாடை, முதுகில் மீன்செதில் போன்ற வரிகள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. தூக்கணாங்குருவி ஆணுக்கு வரும் மஞ்சள் நிறம் இங்கில்லை.

கட்டும் முறையும் வேறு. தூக்கணாங்குருவி புல்லை நாராகக் கிழித்துப் பின்னும். இவையோ சுள்ளிகளால் கூரையமைத்து, அதன் கீழே காய்ந்த புல்லைச் செருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு துவாரமும் ஒரு தனியறைக்கு வழி. ஒரே கூரையின் கீழ் நூறு சோடிக்கு மேலும் வாழ்வதுண்டு. குஞ்சு பொரித்ததும் விட்டுப் போவதில்லை; ஆண்டு முழுவதும் அங்கேதான் உறக்கம். மாரி இரவில் வெளியே உறைகுளிர், உள்ளே கதகதப்பு.

ஆபத்தும் உண்டு. நாகபாம்பு ஏறினால் அறையறையாக முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். குள்ள வல்லூறு ஒன்றும் இங்கே குடியிருக்கும். அது தனக்கென்று கூடு கட்டாது. குருவிகளின் அறையையே எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துக் கூரையின் பாரம். பெரிய கூடு ஒரு தொன் வரை எடையேறும். மழையில் ஊறினால் கிளை முறியும். அப்பால் ஒரு முள்மரத்தின் கீழே அப்படி விழுந்த பாதிக் கூடு கிடந்தது. மேலே எஞ்சிய பாதிக்குப் புல் சுமந்துகொண்டிருந்தன குருவிகள்.

கூரை வேலைக்கு எல்லாக் குருவியும் வருவதில்லை என ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். வருபவை பெரும்பாலும் ஆண்கள். அந்தக் கூட்டிலேயே உறவுக்காரரை உடையவை. வராதவற்றுக்கும் அதே கூரைதான் நிழல். தலைமுறை தலைமுறையாக, ஒரே கூடு நூறாண்டு நிற்பதும் உண்டாம்.

அறை அவரவருடையது, கூரை எல்லோருக்கும் பொது. அதைச் சிலராவது விடாமல் வேய்ந்துகொண்டிருப்பதால்தான் குடியிருப்பு நிற்கிறது. வண்டியில் ஏறிய பின்னும் அந்தக் கீச்சொலி காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.