கால் முடங்கிய கோழி

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள எங்கள் குருமனையில் பதினொரு கோழிகள் இருந்தன. ஒரே வாரத்தில் வெள்ளைக் கழிச்சல் பத்தை வாரிக்கொண்டது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், பின்னர் நம் நாட்டின் ராணிக்கெட்டிலும் அறியப்பட்டு, அவ்வூர்ப் பெயர்களையே தாங்கி நிற்கும் கொடிய நோய் அது. குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலே சொட்டு மருந்து விட்டிருந்தேன். எட்டாம் வாரத்து ஊசியைத்தான் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டேன். எஞ்சிய கருப்புப் பெட்டைக்கு உயிர் தங்கிற்று. கால்கள் இரண்டும் முடங்கின.

“ஏன் சாமி, இதைப் போட்டு வதைக்கிறீக?” என்றார் சமையற்கார அம்மாள்.

வைக்கோல் பரப்பிய கூடையில் கிடத்தினேன். நெஞ்செலும்பு புண்ணாகாதபடி அடிக்கடி புரட்டி வைத்தேன். எச்சத்தை இருவேளையும் கழுவித் துடைத்தேன். ஈரம் நின்றால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

அன்பர்களே, வாழ்வு இனிக்கிறதா என்று கோழியிடம் கேட்க இயலுமா? அதன் செயல்களைத்தான் பார்க்கவேண்டும். நொய்யரிசியைக் கண்டால் கழுத்தை நீட்டிற்று. வாலடி எண்ணெயை அலகால் தொட்டு இறகு கோதிற்று. வெயிலில் மண்மீது வைத்தால், உதைக்கக் காலின்றியும், சிறகை விரித்துப் புழுதியாட முயன்றது. காலைப் பூசை மணிக்கு அது கொக்கரித்ததையும் நான் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன்; அது சாட்சியாகாது.

நான்காம் மாதம் இறகு கோதுவதை விட்டது. மாலையில் ஊட்டிய தீனி மறுநாள் காலையிலும் கழுத்தடியில் கட்டியாய்க் கிடந்தது. அதன் பின்னும் ஒன்பது நாள் ஊட்டினேன். தவறவிட்ட ஊசிக்காகவே ஊட்டினேன் என்று இப்போது தெரிகிறது.

பத்தாம் நாள் அம்மாளை அழைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோழியை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.