பத்து மில்லிமீற்றர் ஸ்குரூ

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கார் இருக்கிறது. ரிமோட்டில் ஓடும் மாதிரிக் கார். உண்மையான காரின் பத்திலொரு பங்கு அளவு. நானா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களில் தன் சேமிப்பில் வாங்கியது. ஜப்பானில் செய்த அந்தக் கார் பெட்டிக்குள் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஸ்குரூக்களை நீளவாரியாகப் பிரித்து முட்டைப் பெட்டியின் குழிகளில் போட்டு நான் எடுத்துக்கொடுக்க, நானா பொருத்தினார். ஐந்து இரவுகள் எடுத்தன.

சென்ற வருடம் நானா கட்டாருக்கு வேலைக்குப் போனார். போகும்போது காரைத் தம்பியிடமும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடமும் கொடுத்தார்.

ஒருநாள் தம்பி அதை முற்றத்துப் படியில் மோதிவிட்டான். முன் இடது சில்லைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்தது. நானா ஊருக்கு வந்த ஒருவரிடம் புதிய கையைக் கொடுத்தனுப்பினார். "தங்கச்சி, நீ கழட்ட வேணாம். பெருநாளைக்கு வாறன். ரெண்டு பேரும் சேர்ந்து மாத்துவோம்" என்று குரல்பதிவும் வந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. ஸ்குரூ எடுத்துக்கொடுக்க மட்டும்தான் இவளுக்குத் தெரியும் என்று நானா நினைக்கிறாரோ என்ற ரோசமும் இருந்தது. உம்மாவின் தையல் மெஷின் லாச்சியிலிருந்த ஸ்குரூ ட்ரைவரை எடுத்தேன்.

கையைப் பிடித்திருந்த தகட்டில் நான்கு ஸ்குரூக்கள். ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் தடிப்பு, 10 மில்லிமீற்றர் நீளம். மூன்று கழன்றன. நான்காவது அசையவில்லை. பலமாகத் திருப்பினேன். ட்ரைவர் வழுக்கி மேலே வந்தது. இன்னும் பலமாகத் திருப்பினேன். மீண்டும் வழுக்கியது. எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ தெரியாது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோது, ஸ்குரூவின் தலையில் இருந்த கூட்டல் குறி வெறும் வட்டக் குழியாகிவிட்டிருந்தது. விரலில் வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது.

காரைப் பழைய சால்வையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அன்றிரவு வீடியோ அழைப்பில் நானா, "காரைக் காட்டு பாப்பம்" என்றார். "பெற்றரி சார்ஜில இருக்கு நானா" என்றேன். அது பொய். அந்தப் பொய்யோடு மூன்று நாட்கள் இருந்தேன். தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனேன்.

நான்காம் நாள் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா ஏசவில்லை. "அஸருக்குப் பிறகு கராஜ் மாமாட்டப் போவோம்" என்றார். மாமா எங்கள் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். காரைக் கையில் எடுத்ததுமே கேட்டார்: "மகள், எந்த ட்ரைவரால திருப்பினீங்க?"

காட்டினேன். தலையை ஆட்டினார்.

கூட்டல் குறித் தலை எல்லாம் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பிலிப்ஸ் வகை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930களில் பரப்பியது. 1936இல் கடிலாக் கார்களில் பயன்படுத்தப்பட்டது. அதன் நுனியின் பக்கங்கள் சரிவானவை. முறுக்கம் கூடும்போது அந்தச் சரிவே ட்ரைவரை வெளியே தள்ளிவிடும். ஜப்பானியர் தங்கள் தர நியமப்படி செய்யும் ஸ்குரூவின் குழி சற்று வேறானது. அதில் பிலிப்ஸ் நுனி அடிவரை இறங்காது. மேல் விளிம்பை மட்டும் பிடித்துத் தேய்த்துவிடும். நம் நாட்டில் ஓடும் ஜப்பான் மோட்டார் சைக்கிள்களின் காபரேற்றர் ஸ்குரூக்களும் இப்படித்தான் பழுதாகின்றன என்றார் மாமா.

"ட்ரைவர் ஒருக்கா வழுக்கினா நிப்பாட்டணும். ரெண்டாம் தரம் வழுக்கினா அது ஸ்குரூட பிழையில்ல."

முதலில் அவருடைய ஜப்பான் ட்ரைவரால் முயன்றோம். பிடிக்க விளிம்பே மிஞ்சவில்லை. குழியின் மேல் றப்பர் பட்டித் துண்டொன்றை வைத்து அழுத்தித் திருப்பினோம். றப்பர் கிழிந்தது. பிறகு ஒடிந்த ஹெக்சோ பிளேட் துண்டொன்றை என்னிடம் தந்தார். "நீங்களே வெட்டுங்க."

வெட்டுமுன் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் மோட்டரின் துவாரங்களையும் டேப்பால் மூடச் சொன்னார். மோட்டருக்குள் காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் உள்ளே இழுபட்டுவிடும். ஸ்குரூவின் தலை தகட்டுக்கு மேலே நின்றதால் வெட்ட இடமிருந்தது. குறுக்கே மெதுவாக அராவினேன். கால்மணி நேரத்தில் ஒரு நேர்க்கோட்டுப் பள்ளம் விழுந்தது. மாமா சோல்டரிங் அயனின் நுனியைச் சில விநாடிகள் ஸ்குரூத் தலையில் வைத்தார். சூடு இறங்கினால் பிளாஸ்டிக் சற்று இளகிப் பிடியை விடும், கூடினால் உருகிவிடும். பிறகு தட்டை ட்ரைவரை என் கையில் தந்து, "முக்கால்வாசி அமத்துங்க, கால்வாசி திருப்புங்க" என்றார்.

அமர்த்தினேன். மெல்லத் திருப்பினேன். ஸ்குரூ அசைந்தது. வாப்பா என்னைவிடச் சத்தமாக மூச்சு விட்டார்.

புதிய கையைப் பொருத்தும்போது மாமா இன்னொன்றும் சொல்லித்தந்தார். பிளாஸ்டிக்கில் பழைய துளைக்குள் ஸ்குரூ போடும்போது உடனே இறுக்கக்கூடாது. முதலில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். 'டிக்' என்று பழைய புரியில் விழும். அதன்பிறகுதான் முன்பக்கமாகத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் அது புதுப் புரி வெட்டும், துளை பலமிழந்துவிடும்.

அன்றிரவு நானாவுக்கு நானே அழைத்தேன். பெற்றரிப் பொய்யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

"காரைத் திருப்பு. வலப்பக்கத் தகட்டைப் பார்" என்றார்.

பார்த்தேன். மூன்று ஸ்குரூக்கள் கறுப்பு. ஒன்று மட்டும் வெள்ளி.

"மூணாம் நாள் ராவு நீ தூங்கின பிறகு நானும் ஒண்டைத் தேய்ச்சிட்டன். ஹார்ட்வெயார் கடையில வேற வாங்கிப் போட்டன். உனக்குச் சொல்ல வெக்கம்" என்று சிரித்தார்.

எல்லா ஸ்குரூக்களையும் எடுத்துக்கொடுத்தவள் நான். அந்த வெள்ளி ஸ்குரூ மட்டும் இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை.

பெருநாளைக்கு நானா வந்தபோது எனக்கு ஒரு ஜப்பான் ட்ரைவர் கொண்டுவந்தார். பள்ளம் வெட்டிய ஸ்குரூ என் கொம்பாஸ் பெட்டியில் இருக்கிறது. எந்த வேலையிலாவது கை ஒருமுறை வழுக்கினால், அதை எடுத்து ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.