பழைய பாக்கி

கணக்கெழுதும் உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. உலகத்தில் எந்த விஷயத்தையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியில் அடக்கிவிடலாம். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். குண்டூசி வாங்கினாலும் சரி, குளிர்சாதனம் ரிப்பேர் ஆனாலும் சரி, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு அயிட்டம்தான் ரொம்ப நாளாகத் தலைப்பு கிடைக்காமல் கிடந்தது. அதன் எடை சுமார் 400 கிலோ.

பயப்படாதீர்கள். எங்கள் மேனேஜர் இல்லை. ஆவுளியா.

நகரத்து ஆசாமிகளுக்குக் 'கடல் பசு' என்றால் புரியும். நம்ம ஊர்ப் பசுவோடு அதற்கு ஒரே ஒரு ஒற்றுமை, புல் தின்பது. கடலுக்கடியில் வளரும் புல். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தின்னும். மீன் இல்லை, நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி. சொந்தக்காரர் என்று பார்த்தால் திமிங்கலத்தைவிட யானைதான் நெருக்கம். யாரையும் கடிக்காது, முட்டாது, விரட்டாது. இப்படிப்பட்டவர்கள் ஆபீஸிலேயே தாக்குப்பிடிக்க முடியாது. கடலில் எப்படி முடியும்?

என் சொந்த ஊர் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை கிராமம். கொஞ்ச தூரத்தில் மனோரா. நெப்போலியன் தோற்ற சந்தோஷத்தில் சரபோஜி மன்னர் 1814-15-ல் கட்டிய எட்டு மாடிக் கோபுரம். எங்கேயோ ஐரோப்பாவில் யாரோ தோற்றதற்கு எங்கள் ஊரில் கட்டடம். அந்த அளவுக்குப் பரந்த மனசு எங்கள் ஜில்லாவுக்கு!

2021 கடைசியில் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். பல் விளக்கி முடிப்பதற்குள் மச்சான் வந்து நின்றார். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அவருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

"மாப்ளே, இன்னைக்கு ஒரு கூட்டம். டைப்பிஸ்ட் லீவு. நீங்க வந்து மினிட்ஸ் எழுதிக் குடுத்துட்டா புண்ணியமாப் போவும்."

"என்ன கூட்டம்?"

"ஆவுளியா."

எனக்கு வாயில் இருந்த பேஸ்ட் கசந்தது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று ஒரு பாதுகாப்பகம் அமைக்கப் போவதாகத் தமிழக அரசு அறிவித்திருந்தது. திடீரென்று வந்த யோசனை இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே ஆவுளியாவுக்குப் புலி, யானையோடு சமமாக முதல் அட்டவணையில் இடம் உண்டு. மத்திய அரசு ஒரு பணிக்குழு போட்டது. 2016-ல் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் தமிழ்நாடு, குஜராத், அந்தமான் மூன்று இடத்திலும் மீட்புத் திட்டம் ஆரம்பித்தது. சட்டம், குழு, திட்டம் என்று காகிதம் பெருகிக்கொண்டே வந்தது. கடலில் ஆவுளியா குறைந்துகொண்டே வந்தது. மொத்த இந்தியாவுக்கும் சுமார் 240-தான் மிச்சம், அதிலும் பெரும்பாலானவை நம் கடலில் என்பது அரசாங்கம் சொன்ன கணக்கு.

கூட்டம் ஒரு சமுதாயக் கூடத்தில். ஐம்பது பேர், நூறு போண்டா, ஒரு புரொஜெக்டர். இந்த மூன்றில் புரொஜெக்டர் மட்டும் வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் தட்டிக் கொட்டியதும் திரையில் ஆவுளியா தலைகீழாக வந்தது. "செத்துப் போனா இப்படித்தான் சார் மெதக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அதிகாரி நல்ல மனுஷர். அவரும் சிரித்துவிட்டார்.

கடைசி ஸ்லைடு வந்தது. 'எதிர்பார்க்கும் பலன்: மூன்றாண்டுகளில் ஆவுளியா எண்ணிக்கை இருமடங்கு.'

எனக்குச் சுருக்கென்றது. இரட்டிப்பு என்ற வார்த்தையைப் பார்த்தாலே கணக்கெழுதுகிறவனுக்குச் சந்தேகம் வரும். சீட்டுக் கம்பெனிக்காரர்கள்தான் அதிகம் உபயோகிப்பார்கள்.

அதற்குள் அதிகாரி கேட்டார். "வலையில் ஆவுளியா சிக்கினா என்ன செய்வீங்க?"

கூடம் அமைதியானது. எல்லோரும் போண்டாவையே பார்த்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். எண்பது வயசிருக்கும். என் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். நான் 'பெரியப்பா' என்று கூப்பிடுவேன்.

"சார், அது மூச்சு வாங்க மேலே வரணும். ஒரு அஞ்சாறு நிமிசம் தாங்கும். நாங்க சாயங்காலம் வலையப் போட்டுட்டு விடியக்காலம் வாங்குறோம். போய்ப் பார்த்தா செத்துக் கெடக்கு. நாங்க கொன்னமா? கொல்லலையா? நீங்களே சொல்லுங்க."

"சரிங்க. உயிரோட கிடந்தா?"

"வலைய அறுக்கணும். வலை எம் மருமவ நகைய வச்சு வாங்கினது. ஆவுளியா போயிரும். நகையும் போயிரும்."

சொல்லிவிட்டு உட்காராமல், மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"இந்தா எழுதுறானே, இவனக் கேளுங்க. இவங்கப்பன் கொண்டாந்த கறியத் தின்னவன்தான் இவன்."

ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் கூரையைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். மினிட்ஸில் இப்படி எழுதினேன்: 'உறுப்பினர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர்.' அரசாங்கத் தமிழுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகக் கோயில் கட்டலாம்.

விஷயம் உண்மைதான். 1984. எனக்கு ஏழு வயசு. விடிவதற்கு முன்னால் அப்பா பனையோலையில் கறி கொண்டு வந்தார். ஆட்டுக்கறி என்றார்கள். தெரு முழுக்க அன்றைக்கு ஒரே மணம். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அம்மா மட்டும் தின்னவில்லை. ராத்திரி அப்பா திண்ணையில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "குட்டி ஒண்ணு கூடவே வந்துச்சுடி. வள்ளத்தையே சுத்திச் சுத்தி வந்துச்சு. கரை வரைக்கும்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு அந்தக் கறி வந்ததில்லை. அப்பா அதைப்பற்றிப் பேசியதும் இல்லை. போயும் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி மச்சான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கறி தின்ற வாய் சும்மா இருக்கலாம். கணக்கெழுதுகிற கை சும்மா இருக்குமா?

ஆவுளியா எழுபது வயசு வரைக்கும் வாழும். ஆனால் குட்டி போடும் பருவத்துக்கு வரவே பத்து வருஷம்போல ஆகும். கர்ப்பம் பதின்மூன்று, பதினான்கு மாசம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அந்தக் குட்டி ஒன்றரை வருஷம் தாயை விட்டு நகராது. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருஷம். மேய புல் குறைந்தால் இன்னும் தள்ளிப்போகும். எல்லாம் நல்லபடியாக நடந்தால்கூட ஆவுளியாக் கூட்டம் வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது என்பது இதை ஆராய்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. நம் சேமிப்புக் கணக்கைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

240-க்கு 5 சதவீதம் என்றால் 12. அதாவது வருஷத்துக்குப் பன்னிரண்டு கூடும். மாசத்துக்கு ஒன்று வலையில் போனால்? பூஜ்யம். மாசத்துக்கு இரண்டு போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஒன்றுகூடப் போகாவிட்டாலும் 240 இருமடங்காக ஆகப் பதினான்கு வருஷம் வேண்டும். மூன்று வருஷத்தில் இருமடங்கு என்று எழுதினால், மூன்றாவது வருஷம் ஆடிட்டர் வந்து, 'திட்டம் தோல்வி, நிதியை நிறுத்து' என்பார். திட்டம் தோற்றிருக்காது. ஸ்லைடுதான் தோற்றிருக்கும்.

"மூணு வருஷத்துல அந்த ஆபீஸரே மாறிடுவாரு மாப்ளே. யாரு கேக்கப் போறா?" என்றார் மச்சான்.

"ஆவுளியா மாற்றலாகிப் போகாதே மச்சான்!"

ஒரு பழைய கதை சொன்னேன். 1741-ல் ரஷ்யாவுக்குக் கிழக்கே பனிக்கடலில் ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி இதன் உறவுக்கார மிருகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆவுளியாவைப்போலப் பல மடங்கு பெரிசு. கப்பல்காரர்கள் கறிக்காக வேட்டையாடினார்கள். 1768-ல் கடைசி ஒன்றும் தீர்ந்தது. கண்டுபிடித்து இருபத்தேழே வருஷம். "ஒரு சர்வீஸ் காலம்கூட இல்ல மச்சான். நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப கண்டுபிடிச்சிருந்தா, நீங்க ரிடையர் ஆவுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்." ரிடையர்மென்ட் என்றதும் மச்சானுக்கு விஷயம் உறைத்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அதிகாரியிடம் போனோம். கணக்கைக் காட்டினேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "அப்ப மூணு வருஷத்துல எதைக் காட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி. காட்டாவிட்டால் பணம் வராதே!

"மிருகத்தை எண்ணாதீங்க சார். நாம செய்யறதை எண்ணுங்க. எத்தனை ஹெக்டேர் கடற்புல் பத்திரமா இருக்கு, எத்தனை மீனவர் சேர்ந்திருக்காங்க, எத்தனை ஆவுளியா வலையிலிருந்து உயிரோட போச்சு, எத்தனை வலைக்கு எத்தனை நாள்ல பணம் குடுத்தோம். கடைசிதான் முக்கியம். வலைக்குப் பணம் வர வருஷமாகும்னா யாரும் அறுக்க மாட்டாங்க."

அவர் பென்சிலால் ஸ்லைடில் ஒரு கோடு அடித்தார். 'இருமடங்கு' போனது. அந்தக் காகிதம் அப்புறம் எந்த மேஜைக்குப் போனதோ, எந்த அலமாரியில் தூங்குகிறதோ, எனக்குத் தெரியாது. கண்ணெதிரே ஒரு பொய் அடிபட்டதைப் பார்த்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. என் சொந்தக் கணக்கு பாக்கி இருந்தது. 1984-ல் போன அந்தத் தாய் உயிரோடு இருந்திருந்தால் 2021 வரைக்கும் முப்பத்தேழு வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒன்று என்றாலும் ஏழு குட்டி. அதில் பெண் குட்டிகள் வளர்ந்து போடுபவை தனி. வள்ளத்தைச் சுற்றி வந்த அந்தக் குட்டி பால் இல்லாமல் பிழைத்திருக்காது. அது போட்டிருக்கக் கூடியவையும் தனி. கூட்டு வட்டி என்பது பாங்க்கில் மட்டும் ஏறுவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

2022 செப்டம்பர் 21-ந் தேதி அறிவிக்கை வந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தில் அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர். இந்தியாவிலேயே முதல் ஆவுளியா பாதுகாப்பகம். அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல். மீனவர்களுக்குப் புதிதாகக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்றும் அரசு சொன்னது. எனக்கு அதுதான் பிடித்தது. அந்தக் கடலில் ஆவுளியாவைக் காவல் காக்க எத்தனை போலீஸ் போட முடியும்? வலை வாங்குகிறவன் கையில் ஒரு கத்தி இருக்கிறது. அவன் மனசு வைத்தால்தான் உண்டு. எங்கள் மனோராவில் ஆவுளியாவுக்கு ஒரு சர்வதேச மையம் கட்டும் திட்டமும் அப்புறம் வந்தது. நெப்போலியனுக்கு அடுத்தபடியாக ஒரு பெரிய ஆசாமி!

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில், ஆபீஸில் மாசக்கடைசிக் கணக்கில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது மச்சானிடமிருந்து போன்.

"மாப்ளே, பெரியப்பா பேரன் வலைல ஒண்ணு மாட்டிருக்கு. உசிரோட. பையன் போன் போட்டு 'என்ன தாத்தா செய்ய'ன்னு கேட்டிருக்கான். கெழவன் 'அறுடா'ன்னுட்டாரு. போயிருச்சு. நல்ல பெரிசாம்."

"வலை?"

"ரெண்டு துண்டு. மனு எழுதிக் குடுத்திருக்கோம். பரிசுத்தொகை வரும். கொஞ்ச நாளாவும்."

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். வலை என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். சாயங்காலமே அனுப்பிவிட்டேன். 'எதுக்குடா?' என்று மறுப்பார், அப்புறம் நான் வற்புறுத்துவேன், கடைசியில் இருவருக்கும் கண் கலங்கும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். பெரியவர் அப்படிப்பட்ட ஆசாமி இல்லை.

"வந்துருச்சு. ஒங்கப்பன் குடுத்ததா வச்சிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ராத்திரி வீட்டுச் செலவு நோட்டை எடுத்தேன். பால், கேபிள், கரண்ட் பில், அதற்குக் கீழே வலை. எந்தத் தலைப்பில் எழுதுவது? நன்கொடை இல்லை. கைமாற்றும் இல்லை. மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இத்தனை ரூபாயா! என்னங்க இது?"

"பழைய பாக்கி" என்றேன்.

"தீர்ந்துதா?"

"இல்ல. முதல் தவணை."