தடுமாறினாலும் போய்ச் சேரும் சரக்கு!

1983. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரொனால்டு வேலுக்குக் கணவாய் மீன் தேவைப்பட்டது. சாப்பிட அல்ல, அதன் நரம்புக்குள் எட்டிப் பார்க்க! கணவாயின் ராட்சத நரம்பிழை கண்ணுக்கே தெரியும் தடிமன் கொண்டது. அதற்குள் சரக்கு எப்படி நகர்கிறது என்பதுதான் வேலின் கேள்வி.

அந்த ஆண்டு பார்த்து எல் நினோ கடலைச் சூடேற்ற, கலிஃபோர்னியா கரைப்பக்கம் கணவாய் வரவில்லை. வேலும் அவருடன் ஆய்வு செய்த மைக்கேல் ஷீட்ஸும் நாட்டின் மறுகோடியிலிருந்த வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே தாமஸ் ரீஸும் கைகோக்க, 1985-ல் உலகுக்கு அறிமுகமானது 'கைனசின்'.

கைனசின், சரக்கு சுமந்து நடக்கும் புரதம். செல்லுக்குள் நீளும் நுண்குழாய்கள் அதற்குத் தண்டவாளம். ஏ.டி.பி. என்ற மூலக்கூறு எரிபொருள். ஒரு மூலக்கூறு செலவானால் ஓர் எட்டு. ஓர் எட்டு 8 நானோமீட்டர்.

இந்தச் சுமைகூலி ஏன் அவசியம்? மனிதரின் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பிழை சுமார் 1 மீட்டர். ஒரு புரதம் தானாக மிதந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காவதுதான் அப்படி அலைவதில் உள்ள சிக்கல். மோட்டார் புரதங்கள் தூக்கிச் சென்றால், வேகமான சரக்குகளுக்குச் சில நாள்களே போதும்.

ஆனாலும் பயணம் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. நரம்பின் நுனியை நோக்கி இழுப்பது கைனசின். எதிர்த்திசையில் இழுப்பது 'டைனீன்' என்ற இன்னொரு புரதம். இரு பக்கமும் வடம் பிடித்த தேர் மாதிரி ஒரே சரக்கு முன்னே ஓடும், நிற்கும், பின்னே திரும்பும். எப்போது திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வீண் அலைச்சல் போலத் தெரிந்தாலும் இதில் லாபம் உண்டு. வழியில் தடை வந்தால் பின்வாங்கி, வேறு தடத்தில் போகலாம். சக்தி தேவைப்படும் இடத்தில் மைட்டோகாண்ட்ரியா இறங்கி நிற்கலாம்.

ஒரு வகை கைனசினுக்கான மரபணுவில் பிழை ஏற்பட்டால், கால்கள் இறுகி நடை பாதிக்கும் பரம்பரை நோய் வரலாம். அதில் முதலில் அடிவாங்குவது நீளமான நரம்பிழைகள்தான். ஒருவர் தடுமாறாமல் நடக்க, அவருடைய நரம்புக்குள் சரக்கு தடுமாறியாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும்!